டிகிரியோடு ஹாக்கி முடிய வேண்டியதில்லை

எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணின் ஹாக்கி பெரும்பாலும் கடைசி செமஸ்டரோடு நின்றுவிடும். பள்ளியில் பி.டி. சார் பிடித்துக் களத்தில் இறக்கியிருப்பார். கல்லூரியில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சீட் கிடைத்திருக்கும். பல்கலைக்கழக அணிக்காகத் தென்மண்டலப் போட்டி வரை போய் வந்திருப்பாள். அதற்கு மேலே ரொம்பக் குறுகலான வாசல்கள்தான்: இந்திய முகாம், ரயில்வே மாதிரி ஒரு வேலை. 2025 ஜனவரியில் பெண்களுக்கென்று முதன்முறையாக ஹாக்கி இந்தியா லீக் நடந்ததே, அதிலும் நான்கே அணிகள். அந்த உயரத்துக்கு ஒரு படி கீழே நிற்கிற பெண்கள் எத்தனையோ பேர். அவர்களுக்கு ஊரில் ஆட இடமே கிடையாது. ஆண்களாவது சாயங்காலம் பழைய ஆட்களைச் சேர்த்து ஒரு டீம் போட்டுவிடுவார்கள். இருபத்திரண்டு வயதுப் பெண் ஸ்டிக்கோடு தனியாகப் போய் நின்றால் எதிரே ஆட ஆள் இருக்காது.

நான் செங்கோட்டைக்காரி. புளியரை செக்போஸ்ட்டைத் தாண்டினால் கேரளா, ஆரியங்காவு. நாங்கள் ஆடிப் பழகியது செம்மண் தரையில். செயற்கைத் தரை வேண்டுமென்றால் கிழக்கே கோவில்பட்டி, மேற்கே கொல்லம். இரண்டுமே ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். கொல்லத்தில் 2015 தேசிய விளையாட்டுப் போட்டிக்காக அமைத்த டர்ஃப் இருக்கிறது. 2018-ல் புனலூர் மலைப்பாதையில் அகலப்பாதை திறந்த பிறகு ரயிலிலேயே போய்வர முடிந்தது. அங்கே பழக்கமான புனலூர் சேச்சி ஒருவர்தான், "டிகிரி முடிஞ்சா என்ன மோளே, போற நாட்டுல கிளப் தேடு" என்று முதலில் சொன்னார். அவர் நர்ஸ், அப்போது அயர்லாந்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

எம்.எஸ்சி. படிக்க நான் இங்கிலாந்தில் லீட்ஸுக்குப் போனேன். படிப்பும் அதன் பின் கொஞ்ச காலம் வேலையும் பார்த்து ஊர் திரும்பிவிட்டேன். அங்கிருந்த காலம் முழுக்க ஆடினேன். நான் தமிழ்நாடு அணிக்குக்கூட ஆடியதில்லை. அப்படிப்பட்ட ஒருத்திக்கும் அங்கே ஒவ்வொரு வாரமும் ஒரு மேட்ச் இருந்தது. இதை நம் பெண்களிடம் சொன்னால் பலரும் நம்புவதில்லை. அதனால்தான் விரிவாக எழுதுகிறேன்.

அங்கே கிளப் அமைப்பே வேறு. ஒரு நடுத்தர கிளப்பில் பெண்களுக்கு மட்டும் முதல் அணி, இரண்டாம் அணி என்று ஐந்து, ஆறு அணிகள் வரை இருக்கும். முதல் அணியில் தேசிய லீக் ஆடுகிறவர்கள் இருப்பார்கள். கடைசி அணியில் பதினான்கு வயதுப் பிள்ளையும் அவள் அம்மாவும் சேர்ந்தே ஆடுவார்கள். பிள்ளை பெற்று, வருஷக்கணக்கில் விட்டுப்போன பெண்களைத் திரும்பக் கூட்டிவர 'பேக் டு ஹாக்கி' என்றே இங்கிலாந்து ஹாக்கி சங்கம் ஒரு திட்டம் வைத்திருக்கிறது. முப்பத்தைந்து வயதைத் தாண்டினால் மாஸ்டர்ஸ் பிரிவு. என்னோடு ஆடிய கோல்கீப்பருக்கு என் அம்மாவைவிட வயது கூட. வீடியோ காலில் அவரைக் காட்டியபோது அம்மா கேட்டது, "சனிக்கிழமை பூரா இங்கன நின்னா அவங்க வீட்ல யாரு பொங்குவா?" அவர் வீட்டுக்காரர் பேத்தியைத் தூக்கிக்கொண்டு கோட்டுக்கு வெளியே நின்று கைதட்டிக்கொண்டிருந்தார். கேமராவைத் திருப்பிக் காட்டினேன். அம்மா ரொம்ப நேரம் பார்த்தாள். "கல்யாணம் ஆனா எப்படி ஆடுவே?" என்ற கேள்வி அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் வரவில்லை.

படிக்கப் போகிறவர்களுக்கு இரண்டு வழி உண்டு. இரண்டையும் ஒரே பருவத்தில் ஆடலாம். பல்கலைக்கழக அணிகள் பி.யு.சி.எஸ். என்கிற, பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களுக்கிடையேயான லீகில் புதன்கிழமை மத்தியானம் ஆடும். ஊர் கிளப்கள் பெரும்பாலும் சனிக்கிழமை. பருவம் செப்டம்பரில் தொடங்கி மார்ச், ஏப்ரல் வரை போகும். நடுவே குளிர்கால இடைவெளி. பல்கலைக்கழக டிரையல்ஸ் வகுப்பு தொடங்கும் அந்த முதல் ஒன்றிரண்டு வாரத்திலேயே முடிந்துவிடும். விசா தாமதமாகி அக்டோபரில் போய் இறங்குகிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். அப்படி ஆனாலும் மனம் உடைய வேண்டாம். ஊர் கிளப் எந்த மாதமும் ஆளை எடுக்கும், அதிலும் யாராவது காயப்பட்ட வாரத்தில் உடனே எடுக்கும்.

கோல்கீப்பர் என்றால் கவலையே வேண்டாம். எல்லாக் கிளப்பிலும் கோல்கீப்பருக்குப் பஞ்சம்தான், கோல்கீப்பருக்கான கவச கிட்டையும் பல இடங்களில் கிளப்பே கொடுத்துவிடும். நம் தென்னாட்டு மண்ணுக்கும் அந்த இடத்துக்கும் ஏதோ பொருத்தம் இருக்கிறது. 1972 ஒலிம்பிக் வெண்கலத்தில் கோல் காத்த மானுவல் பிரெடரிக் கண்ணூர்க்காரர். ஸ்ரீஜேஷ் கேரளா. பெண்கள் அணியில் கோல் காத்த ரஜனி எதிமார்ப்பு ஆந்திராவின் பழைய சித்தூர் மாவட்டம். ஊரில் "கோலி" என்று ஓரமாக நிறுத்தப்பட்ட பிள்ளைகள் தயங்காமல் கிளம்பலாம்.

களத்தில் இறங்கினால் முதலில் தடுமாற வைப்பது தரை. நாம் கனவு காண்கிற, தண்ணீர் பாய்ச்சிய நீல டர்ஃப் அங்கே பெரிய மையங்களில்தான். சாதாரண கிளப்களின் தரை பெரும்பாலும் மணல் தூவிய செயற்கைப்புல். பந்து தண்ணீர்த் தரையைவிட மெதுவாக வரும். விழுந்தால் முட்டி உரசிக் கிழியும். செம்மண்ணில் ஆடியவர்களுக்கு இது ஒரு வகையில் வசதி. குண்டும் குழியுமான தரையில் பந்தை நிறுத்திப் பழகிய கைக்கு அங்கே எல்லாமே சுலபமாகப்படும். பந்தை நிறுத்தும் எங்கள் 'டிராப்பிங்'கைப் பார்த்து எதிர் அணியே பாராட்டியிருக்கிறது. நமக்குக் குறைவது ஓட்டம். எழுபது நிமிஷம், ஆட்களை மாற்றி மாற்றி இறக்கி, விடாமல் அழுத்தி ஆடுவார்கள். போவதற்கு மூன்று மாதம் முன்பிருந்தே வேக ஓட்டப் பயிற்சியை ஆரம்பித்துவிடுங்கள்.

அப்புறம் குளிர். டிசம்பரில் லீட்ஸில் நாலு மணிக்கு முன்பே பொழுது இறங்கிவிடும். விரல் மரத்த நிலையில் வேகமான பந்தை ஸ்டிக்கில் வாங்கினால் வலி தோள் வரை ஏறும். இரண்டு கைக்கும் குளிர் கையுறை, உள்ளே ஒட்டிய முழுக்கைச் சட்டை, கால் முழுக்க மூடும் லெக்கிங்ஸ் மூன்றும் வேண்டும். உடை பற்றி வீட்டில் கவலைப்படுகிறவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள்: நான் கணுக்கால் வரை மூடித்தான் ஆடினேன், ஒருவரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

ஸ்டிக்கை இங்கிருந்தே வாங்கிப் போங்கள். ஜலந்தரில் செய்கிற கார்பன் கலப்பு ஸ்டிக்குகள் அங்கே கடையில் விற்பவற்றைவிட மிக மலிவு, ஆட்டத்தில் குறை ஒன்றும் இல்லை. இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். கேபினுக்குள் ஸ்டிக்கை விடமாட்டார்கள், செக்-இன் பெட்டியில்தான் போக வேண்டும். ஷின் கார்டும் மவுத் கார்டும் அதே பெட்டியில். காலணி மட்டும் அங்கே போய் வாங்குவது நல்லது. தரைக்கு ஏற்ற அடிப்பாகம் வேண்டும், போட்டுப் பார்த்துத்தான் எடுக்க முடியும்.

செலவைப் பற்றி. கிளப்பில் ஆட நாம்தான் பணம் கட்ட வேண்டும். இதைக் கேட்டதும் பல பெண்கள் பின்வாங்குகிறார்கள், ஏனென்றால் நம் ஊரில் அணியில் எடுத்தால் டிரெஸ்ஸும் படியும் கொடுப்பார்கள். அங்கே ஆண்டுச் சந்தா உண்டு. கிளப்பைப் பொறுத்து நூறு பவுண்டிலிருந்து சில நூறு பவுண்ட் வரை, மாணவர்களுக்குக் குறைவு. பல கிளப்களில் ஒவ்வொரு மேட்சுக்கும் தனியாகவும் ஒரு தொகை வாங்குவார்கள். தவணை கேட்டால் தருவார்கள். கூச்சப்படாமல் கேளுங்கள். வெளியூர் மேட்சுக்கு யாராவது காரில் இடம் கொடுப்பார்கள், பெட்ரோலுக்குப் பங்கு கொடுத்தால் போதும். காயம் பட்டால் என்ன காப்பீடு என்பதையும் சேரும்போதே கேட்டுவிடுங்கள். ஆஸ்பத்திரி இருந்தாலும் பிசியோதெரபிக்குக் காத்திருப்பு நீளம்.

கீழ் டிவிஷன்களில் நடுவரையும் அந்தந்த அணியே கொண்டுவர வேண்டும். எந்த கிளப்பிலும் விசில் ஊத ஆள் போதாது. ஒரு ஆரம்பநிலை நடுவர் வகுப்பு முடித்துக்கொண்டால் ஒரே மாதத்தில் கிளப் முழுக்க உங்களைத் தெரிந்துகொள்ளும். எனக்குக் கிடைத்த நெருங்கிய சிநேகிதங்கள் எல்லாம் அந்த விசிலால் வந்தவை. மேட்ச் முடிந்ததும் இரண்டு அணியும் சேர்ந்து சாப்பிடுவார்கள். அதற்கு நில்லுங்கள். பலர் பீர் குடிப்பார்கள், நீங்கள் ஆரஞ்சு ஜூஸோடு உட்கார்ந்தால் யாரும் வற்புறுத்த மாட்டார்கள். சைவம் என்றால் முந்தின நாளே சொல்லிவிட வேண்டும். அந்த மேஜையில்தான் டோக்கியோ வெண்கல ஆட்டத்தைப் பற்றிப் பேசினோம். இந்தியப் பெண்கள் பிரிட்டனிடம் 3-4 என்று தோற்ற ஆட்டம். ஜெயித்த நாட்டுக்காரர்கள் நம் பெண்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, அவர்கள் ஆடிய ஆட்டத்தைப் புகழ்ந்தார்கள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

விசா விஷயத்தைக் கவனமாகப் படியுங்கள். பிரிட்டனில் மாணவர் விசாவில் வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம் வேலை பார்க்கலாம். ஆனால் பணத்துக்கு ஆடும் வீராங்கனையாகவோ கோச்சாகவோ இருக்கக் கூடாது. படிப்புக்குப் பின் கிடைக்கும் கிராஜுவேட் விசாவிலும் அதே தடைதான். கிளப்பில் ஒரு அம்மா தன் பிள்ளைகளுக்கு ஞாயிறு காலை பயிற்சி கொடுக்கச் சொல்லி, மணிக்கணக்கில் பணம் தருகிறேன் என்றார். நல்ல மனசோடுதான் கேட்டார். விசா விதியைக் காட்டி மறுத்தேன், அவரும் புரிந்துகொண்டார். ஊரில் ஏற்கெனவே விளையாட்டாலோ கோச்சிங்காலோ சம்பளம் வாங்கியவர்கள் இன்னும் ஒரு படி எச்சரிக்கையாக இருக்க வேண்டும், அங்கே பழைய வருமானத்தையும் பார்க்கிறார்கள். பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

படிக்காமல் வேலைக்குப் போக நினைக்கிற பட்டதாரிகளுக்கு 2023-லிருந்து பிரிட்டனில் இந்திய இளைஞர்களுக்கான ஒரு விசா இருக்கிறது. 18 முதல் 30 வயது, ஒரு டிகிரி, கையில் 2,530 பவுண்ட் சேமிப்பு. ஆண்டுக்கு 3,000 இடம், குலுக்கலில் எடுப்பார்கள். இரண்டு வருஷம் தங்கலாம். அதிலும் விளையாட்டைத் தொழிலாகச் செய்யக் கூடாது. சனிக்கிழமை கிளப்பில் சந்தா கட்டி ஆடுவதற்கு இவை எதுவும் குறுக்கே வராது.

ஆஸ்திரேலியாவும் 2024 அக்டோபரில் இந்தியர்களுக்கு ஒர்க் அண்ட் ஹாலிடே விசாவைத் திறந்தது. அதுவும் குலுக்கல்தான், ஆண்டுக்கு 1,000 இடம், 18 முதல் 30 வயது. அங்கே ஹாக்கிப் பருவம் தலைகீழ்: நம் கோடையில் தொடங்கிச் செப்டம்பர் வாக்கில் முடியும். பிப்ரவரியில் போய் இறங்குகிற மாதிரித் திட்டமிட்டால் கிளப் தேர்வுகளுக்குச் சரியாக இருக்கும்.

ஜெர்மனியில் படிக்கிற என் தோழிக்கு அங்கே பிடித்தது குளிர்கால உள்ளரங்க ஹாக்கி. அதில் ஹிட் கிடையாது, புஷ் மட்டும்தான், அணிக்கு ஆறு பேர். ஊரில் அவள் அதைப் பார்த்ததே இல்லை. மூன்று மாதத்தில் கையின் லாகவமே மாறிவிட்டது என்கிறாள். அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக்கட்டணம் இல்லை. ஆனால் 'பிளாக்டு அக்கவுண்ட்' என்கிற, மாதாமாதம் கொஞ்சமாகத்தான் எடுக்க முடிகிற முடக்கிய வங்கிக் கணக்கில் ஆண்டுக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும், 2024 செப்டம்பரிலிருந்து அந்தத் தொகை. 27 வயதுக்குள் இருப்பவர்களுக்கு விளையாட்டு கிளப்களிலேயே ஒரு வருஷம் தன்னார்வச் சேவை செய்யும் வழியும் உண்டு. கைச்செலவுக்குப் பணம் தருவார்கள், ஜெர்மன் மொழி பேசத் தெரிய வேண்டும். நெதர்லாந்து ஹாக்கியின் சிகரம். அங்கே பெரிய கிளப்களில் சேரவே வரிசை இருக்கும். ஆனால் வேலைக்குப் போகிறவர்கள் மாலையில் ஆடும் 'டிரிம்ஹாக்கி' குழுக்களில் இடம் கிடைக்கும். அங்கே சந்தா கட்டினால் மட்டும் போதாது, கிளப் கேன்டீனிலும் முறைபோட்டு வேலை பார்க்க வேண்டும்.

அமெரிக்கா என்றால் கதை வேறு. கல்லூரிகளில் ஃபீல்டு ஹாக்கி பெண்கள் ஆட்டமாகவே இருக்கிறது, உதவித்தொகையும் உண்டு. ஆனால் கல்லூரிப் போட்டிகளின் உச்சநிலையான முதல் பிரிவில் ஆட, முதன்முதலில் முழுநேரக் கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து ஐந்து வருஷக் கணக்கு ஓடும், அது நம் ஊர்க் கல்லூரியாக இருந்தாலும். மூன்று வருஷ டிகிரி முடித்துக் கையோடு விண்ணப்பித்தால்தான் ஏதாவது மிஞ்சும். இதனால் பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகள்தான் இந்த வழியை முதலில் யோசிக்க வேண்டும்.

புனலூர் சேச்சியின் அனுபவத்தை நர்ஸிங் படித்த பெண்களுக்காகச் சொல்கிறேன், ஏனென்றால் மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அந்தப் படிப்புதான் அதிகம். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட், அதிலும் சனிக்கிழமை டியூட்டி வந்தால் மேட்ச் போச்சு. சேச்சி என்ன செய்தார் என்றால், ஞாயிறு சர்ச்சுக்குப் போக லீவு தேடுகிற மற்ற மலையாளி நர்ஸ்களின் ஞாயிறு டியூட்டியைத் தான் வாங்கிக்கொண்டு, தன் சனிக்கிழமையை அவர்களிடம் கொடுத்தார். பருவம் தொடங்கும் முன்பே மேட்ச் அட்டவணையை வார்டு மேலாளரிடம் கொடுத்துவிடுவார். வேலையில் சேர்ந்த வருஷமே டீமில் நிலையாகிவிட்டார். மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கும்போதே பஸ் போகும் தூரத்தில் கிளப் இருக்கிறதா என்று பார்த்திருந்ததையும் அவர் அடிக்கடி சொல்வார். நானும் அதைத்தான் எல்லோருக்கும் சொல்கிறேன். கல்லூரிப் பட்டியலைப் போடும்போது ஒவ்வொரு ஊர்ப் பெயருக்கும் பக்கத்தில் அங்குள்ள கிளப் பெயரையும் எழுதுங்கள்.

இப்போது ஒரு எச்சரிக்கை. "ஐரோப்பிய கிளப்பில் ஒப்பந்தம், மாதச் சம்பளம், தங்குமிடம் இலவசம்" என்று வாட்ஸ்அப்பில் வருகிற செய்திகளை நம்பிப் பணம் கட்டாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு ஜூனியரின் அப்பா நகையை அடகு வைக்கப் போகும் கட்டத்தில்தான் எங்களுக்குத் தெரியவந்தது. வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்குச் சம்பளமோ வீடோ தரும் கிளப்கள் இருக்கத்தான் செய்கின்றன. அவர்கள் தேடுவது பெரும்பாலும் நாட்டுக்காக ஆடியவர்களை. எந்த உண்மையான கிளப்பும் தரகர் வழியாக லட்சங்கள் கேட்காது. வேலைக்கு ஆள் அனுப்புகிறேன் என்கிற ஏஜென்ட் மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். நர்ஸ்களுக்குக் கேரளத்தில் நோர்க்காவும் ஒடெபெக்கும் இருக்கின்றன, தமிழ்நாட்டில் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. மூன்றும் அரசு சார்ந்தவை.

இப்போது ஞாயிறு காலைகளில் செங்கோட்டையில் கல்லூரி முடித்த பெண்கள் சிலர் சேர்ந்து ஆடுகிறோம். ஆரியங்காவிலிருந்தும் இரண்டு பேர் வருகிறார்கள். கோவில்பட்டியிலும் கொல்லத்திலும் டர்ஃப் இருக்கும்போது, பதக்கம் வாங்காத பெண்களுக்கென்று ஒரு வார இறுதி லீக் ஏன் இருக்கக் கூடாது என்று ஒவ்வொரு ஞாயிறும் எனக்குத் தோன்றும். வெளிநாடு போக முடியாதவர்கள்தானே அதிகம். அது வரும் வரை, போக முடிகிறவர்களாவது ஆட்டத்தை விடாமல் இருக்கட்டும்.

கிளப்புக்கு எப்படி எழுதுவது என்று எல்லோரும் கேட்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். அந்தந்த நாட்டு ஹாக்கி சங்கத்தின் தளத்தில் ஊர் வாரியாகக் கிளப் தேடலாம். பெண்கள் பிரிவுச் செயலாளருக்கு ஒரு சின்ன மின்னஞ்சல் போதும்: வயது, ஆடும் இடம், எந்த அளவு வரை ஆடினீர்கள், எந்தத் தேதியில் ஊருக்கு வருகிறீர்கள், எதற்காக வருகிறீர்கள். சான்றிதழ்களை எல்லாம் இணைக்க வேண்டாம். செல்போனில் எடுத்த இரண்டு நிமிஷ மேட்ச் வீடியோ ஒன்று போதும், செம்மண் தரையில் எடுத்ததானாலும் சரி. உங்கள் அளவை உள்ளபடியே சொல்லுங்கள், கூட்டிச் சொன்னால் தவறான அணியில் போட்டுவிடுவார்கள். ஹாக்கி இந்தியாவில் பதிவு எண் இருந்தால் அதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மேல்நிலை லீக் என்றால் ஆட்சேபனையில்லாச் சான்று தேவையா என்றும் அதே கடிதத்தில் கேளுங்கள். செப்டம்பரில் தொடங்கும் நாடுகளுக்கு ஜூலைக்குள் எழுதிவிட வேண்டும், ஆகஸ்டில் பயிற்சி ஆரம்பித்துவிடும். பொறுப்பில் இருப்பவர்கள் எல்லோரும் வேலை பார்த்துக்கொண்டே சம்பளமில்லாமல் கிளப்பை நடத்துகிறவர்கள், அதனால் பதில் வர இரண்டு வாரம்கூட ஆகலாம். வராவிட்டால் இன்னொரு தடவை எழுதுங்கள், பக்கத்து கிளப்புக்கும் எழுதுங்கள்.